உரக்குழிக்கு ஒரு காவல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் தொடங்கப் போகிற சமயத்தில், தென்காசியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நடந்த சங்கதி இது. இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சிரிப்பவர் என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. புறவாசல் கதவை அடைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே நின்றார். நான் வெளியே நின்றேன்.

அதற்கு முன்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் இன்றைக்குச் சங்கரன்கோவில், நாளைக்குத் தூத்துக்குடி என்று ஓடிக்கொண்டே இருந்தார். வீடு முழுக்க என் பொறுப்பு. தேர் என்றால் பந்தோபஸ்து, தேர்தல் என்றால் பந்தோபஸ்து. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் மனிதருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வீட்டையே ஸ்டேஷனாக நினைத்து விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பிரிட்ஜைத் திறந்து, இந்தக் கிண்ணத்தில் இருப்பது என்றைக்கு வைத்த குழம்பு என்று கேட்பார். நான் தாளித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று அடுப்புத் தீயைக் குறைப்பார். குறைத்த தீயை நான் கூட்டுவேன். வாய்ச் சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, அந்த வீட்டில் அவருக்கும் எனக்கும் நடுவில் பேசுவதற்கென்று தீயைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் மிச்சம் இருந்தது.

எனக்கு என்று ஒரு சந்தோஷம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை. அதன் கடைசியில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். அந்தச் சுவரை ஒட்டி, வீடு கட்டும்போது மிஞ்சிய செங்கல்லை அடுக்கி ஓர் உரக்குழி வைத்திருந்தேன். காய்கறித் தோல், டீத்தூள், வாழைப்பூ மடல், உதிர்ந்த முருங்கை இலை எல்லாம் அதற்குள் போகும். சில மாதம் கழித்து அடியில் கையை விட்டால் கறுப்பாக, பொலபொலவென்று மண் வரும். முதல் மழைக்கு வருமே ஒரு வாசனை, அது அதில் இருக்கும். அந்த மண்ணில்தான் என் கத்திரியும் வெண்டையும் வளர்ந்தன. துணி துவைக்கிற கல்லுக்கு மேலே அவரைப் பந்தல் போட்டிருந்தேன். பாலிதீன் பையை வீட்டுக்குள் விடுவதில்லை என்றும் ஒரு பிடிவாதம். கறிக்கடைக்கு அவரைத் தூக்குவாளியோடுதான் அனுப்புவேன். ஓய்வு பெற்ற எஸ்.ஐ. தூக்குவாளியோடு நிற்பதை ஊரே பார்க்கிறது என்று வந்து முணுமுணுப்பார். கொண்டுபோவதை மட்டும் நிறுத்தவில்லை.

உரக்குழிதான் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. வீட்டுக்குப் பின்னால் குப்பையை வளர்க்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த வருடம் மருமகன் முதல் தடவையாகச் சீசனுக்கு வருவதாக இருந்தது. கோயம்புத்தூர்க்காரர், அரிசி ஆலை வைத்திருக்கிற குடும்பம். அவர் வருவதற்குள் உரக்குழியைக் காலி செய்துவிட்டுப் புறவாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டுவிடலாம் என்று இவர் முடிவெடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

சண்டை போடத் தோன்றவில்லை. குழியில் இருக்கிற நல்ல மண்ணையாவது தொட்டிகளுக்கு மாற்றிவிடலாம் என்று மறுநாள் காலையில் சின்ன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மேலே கிடந்த காய்ந்த இலையைக் கையால் ஒதுக்கினேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. காளான் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால், கோழி முட்டையை விடச் சின்னதாக, நீள நீளமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரு குவியல். என் விரல் பட்ட இடம் தோல் மாதிரி மெத்தென்று அமுங்கியது. நான் கையை எடுப்பதற்குள் பக்கத்தில் கிடந்த இலைகள் நகர்ந்தன. நீளமாக, மஞ்சளும் பழுப்புமாக ஒரு பாம்பு செங்கல்லைத் தாண்டி இறங்கி, என் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் தள்ளி ஓடி, சுவரில் தண்ணீர் போகிற ஓட்டைக்குள் நுழைந்து போனது.

நான் அவரைக் கூப்பிட்டேன். என்ன சத்தத்தில் கூப்பிட்டேனோ, ஓடி வந்தார். பாம்பு என்ற ஒரு சொல்தான் சொன்னேன். வந்த வேகத்திலேயே திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

ஊருக்குத் தெரியாத ரகசியம் இது. ரவுடிகளைத் தனியாகப் போய் இழுத்து வந்தவர்தான். ஆனால் பாம்பு என்றால் டிவியில் காட்டினாலே எழுந்து போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் அடுப்படி ஜன்னல் வழியாக அவர் முகம் தெரிந்தது. நான் வெளியே நிற்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். எனக்கு நடுக்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரித்திருந்தால் அவர் உடைந்து போயிருப்பார். எனவே அடக்கிக்கொண்டேன்.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் வந்துவிட்டாள். என் மகளை விட நாலைந்து வயது மூத்தவள். இடுப்பில் அவள் பெண் குழந்தை, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. என்னை மதினி என்றும் அவரை அண்ணாச்சி என்றும்தான் கூப்பிடுவாள். முட்டைகளை எட்டிப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

“கொளுத்திவிட்டுருங்க மதினி. எம்பிள்ள இப்பந்தான் தவந்து திரியுதா. இதெல்லாம் பொரிச்சு அங்கன வந்துட்டுன்னா நான் என்ன செய்வேன்?”

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர், அடியில் செங்கல் பெயர்ந்து கிடந்தது. பூனை வந்து போகிற வழி. என்ன சொல்வதென்று தெரியாமல், வனத்துறைக்குப் போன் செய்வோம் என்று நான்தான் சொன்னேன். இவர் உடனே போனை எடுத்தார். ஏதாவது ஒன்று செய்யக் கிடைத்ததே என்று அவருக்கு நிம்மதி.

ஒரு மணி நேரத்தில் வனக்காவலர் வந்தார். இளம்பெண். செங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. குழியைப் பார்த்தார், சுவருக்கு அந்தப் பக்கம் போனார், வாய்க்கால் கரையில் சுருண்டு கிடந்த தாய்ப் பாம்பைத் தூரத்தில் இருந்தே எங்களுக்குக் காட்டினார். அது சாரைப் பாம்பு, விஷம் கிடையாது, வயல் எலியைத் தின்றுதான் பிழைக்கிறது என்றார். முட்டைகளை வேண்டுமானால் எடுத்துப் போவதாகவும், ஆனால் எடுக்கிறபோது புரண்டுவிட்டால் உள்ளே இருக்கும் குஞ்சு பிழைப்பது சந்தேகம் என்றும் சொன்னார். அந்தக் குழியில் இருக்கிற கதகதப்புக்காகத்தான் பாம்பு தேடி வந்து இட்டிருக்கிறதாம். இருந்த இடத்திலேயே விட்டால் ஆடி மாதத்தில் பொரித்து, வயலைப் பார்க்கத் தானாகப் போய்விடும். யாரும் கையால் தொட வேண்டாம், எதுவானாலும் போன் செய்தால் போதும் என்றார். சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவருக்குப் பாம்பு பயம். பக்கத்து வீட்டில் குழந்தை. மருமகன் வேறு வரப்போகிறார். எடுத்துப் போகச் சொல்லிவிடுவார், குழியும் போய்விடும், சிமெண்டும் வந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“ஏட்டி, அது இங்கனயே இருக்கட்டும்.”

நான் தட்டை எடுக்காமல் அப்படியே நின்றேன்.

“நம்ம பிள்ள பொறந்தன்னைக்கு நான் திருச்செந்தூர்ல பந்தோபஸ்துல நின்னேன். மொகத்தப் பாக்கவே ஒரு வாரம் ஆச்சு. இது நம்ம வீட்ட நம்பி வச்சிட்டுப் போயிருக்கு. நான் சும்மாதான இருக்கேன். பாத்துக்கிடுதேன்.”

முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தப் பந்தோபஸ்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் அவ்வப்போது குத்திக் காட்டியிருக்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் அவரே பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அந்தப் பெண் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இவர் கோபப்படவும் இல்லை, அதிகாரமாகப் பேசவும் இல்லை. நடுச் சுவரை நாளைக்கே பூசித் தருவதாகவும், குழியைச் சுற்றிச் சின்னக் கண் வலை அடிப்பதாகவும், பகலெல்லாம் தானே காவல் இருப்பதாகவும் சொன்னார். கடைசியில், “ஒம்பிள்ளைக்கு நான் பொறுப்பும்மா. அப்பவும் ஒனக்குப் பயமா இருந்துச்சுன்னா, எப்பம் வேணும்னாலும் சொல்லு. அன்னைக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லிருதேன்” என்றார். அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, சரி அண்ணாச்சி என்றாள். சிமெண்ட் போட வர வேண்டிய கொத்தனார் வந்து அந்த நடுச் சுவரை மட்டும் பூசிவிட்டுப் போனார்.

காவல் ஆரம்பித்தது. முதல் வாரம் அடுப்படி வாசல்படியைத் தாண்டி நாற்காலி இறங்கவில்லை. கதவை ஒரு கையால் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் நாற்காலி முற்றத்துக்கு வந்தது. ஆனி மாதம் சாரல் பிடித்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தலைக்கு மேலே அவரைப் பந்தல், அதற்குக் கீழே ஒரு கறுப்புக் குடை. சாரல் பூப்பூவாக விழும். மேற்கே மலை மேகத்துக்குள் மறையும், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வரும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், காய்கறியை இங்கே கொண்டுவா, நறுக்கித் தருகிறேன் என்றார். சின்ன வெங்காயம் உரித்தார். முருங்கைக் கீரை ஆய்ந்தார். தோலைக் குழியில் போடக் கூடாது, முட்டை கலைந்துவிடும் என்று என்னை அதட்டிவிட்டு, தோலுக்காகத் தள்ளி இன்னொரு குழியைத் தானே வெட்டினார். குப்பையை வளர்க்கிறாள் என்று என்னைச் சொன்னவர், டீத்தூளை அதிகம் போட்டுவிட்டேன் என்று என்னிடம் குறைபட ஆரம்பித்தார்.

சாயங்காலம் டீயை எடுத்துக்கொண்டு நானும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொள்வேன். முதலில் பாம்பைப் பற்றியே பேசினோம். பிறகு மற்றதெல்லாம் வந்தது. வேலை பார்த்த ஊர்களில் கடைச் சோறு எப்படி இருக்கும், ராத்திரி எங்கே படுப்பார், வீட்டு நினைப்பு வந்தால் என்ன செய்வார் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். நான் கேட்டதே இல்லை. அவர் சொன்னதும் இல்லை. சாரலில் அவரைப் பூ நனைந்து மடியில் உதிரும். டீ ஆறிப்போகும். அதைச் சூடு பண்ண எழுந்து போகக்கூட எனக்கு மனசு வராது. அடுப்புத் தீயைக் குறைக்க அவர் வருவது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் சாரல் பெருமழையாகிவிட்டது. குற்றாலத்தில் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை. மத்தியானத்துக்கு மேல் வாய்க்கால் நிறைந்து, தண்ணீர் பின்சுவர் ஓட்டை வழியாக எங்கள் புறவாசலுக்குள் ஏற ஆரம்பித்தது. குழியின் அடிச் செங்கல் நனைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் முட்டைகள் மூழ்கிவிடும். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கலங்கிய தண்ணீர், உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாது. மண்வெட்டியால் மண்ணை வெட்டி வெட்டி ஓட்டைக்கு முன்னால் கரை போட்டார். போட்ட கரை கரைந்துகொண்டே இருந்தது. நான் ஒரு தகரத்தைக் குழிக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது நடுச் சுவருக்கு மேலே ஒரு சாக்குமூட்டை வந்தது. அதன் பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலை.

“பிடிங்க அண்ணாச்சி. மாடி கட்டுததுக்கு அடிச்ச மணலு. இன்னும் இருக்கு, தாரேன்.”

கொளுத்தச் சொன்ன அதே பெண், நனைந்துகொண்டே ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கித் தந்தாள். தண்ணீர் நின்றது. மழையும் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. இவர் உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் கால் இரண்டும் உதறுவதைப் பார்த்தேன். துண்டை எடுத்துக் கொடுத்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஆடி பிறந்ததும் மகளும் மருமகனும் வந்தார்கள். மகளுக்கு விஷயம் தெரியும். மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதே, வந்த இடத்தில் பயந்துவிடுவார் என்று இவர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தன் பயத்தைத்தான் மருமகன் தலையில் வைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மருமகன் தங்கமான பையன். மாமனார் எதற்காகக் குடையைப் பிடித்துக்கொண்டு புறவாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. ஓய்வு பெற்றவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் போல என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் எல்லோரும் ஐந்தருவிக்குப் போவதாக ஏற்பாடு. இவர் வர மாட்டேன் என்றார். முதல் சீசனுக்கு வந்த மருமகனை அருவிக்குக் கூட்டிப்போக மாமனார் இல்லாவிட்டால் நன்றாக இருக்குமா? பக்கத்து வீட்டுப் பெண்தான், நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன் என்று நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். குழந்தை அவள் மடியில். இவர் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, கார் தெருமுனை தாண்டும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

குற்றாலம் போனதும் இவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரிடம் முதலில் மருமகனை உட்கார வைத்தார். மருமகன் தேய்த்து முடித்து, அருவிக்குப் போகத் துண்டோடு தயாராக நின்றார். அடுத்து இவர் உட்கார்ந்தார். தலையில் எண்ணெய் வைத்து, ஒரு தோளும் முதுகில் பாதியும் தேய்த்து முடித்த சமயம், என் கைப்பையில் இருந்த போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது. சத்தத்துக்காக நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“மதினி, தல வெளிய தெரியுது. ஒண்ணு வந்துட்டு, இன்னொண்ணு வருது. அண்ணாச்சியச் சீக்கிரம் வரச் சொல்லுங்க.”

இவர் எழுந்துவிட்டார். பாதி தேய்த்த உடம்போடு போனால் ஜலதோஷம் பிடிக்கும், அந்தப் பக்கத்தையும் முடித்துவிடுகிறேன் என்று எண்ணெய் தேய்த்தவர் கையைப் பிடித்தார். எண்ணெய்க் கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கார் நிற்கிற பக்கமாக ஓட ஆரம்பித்தார். மருமகன் கலவரமாகிப் பின்னாலேயே ஓடினார். சீசன் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. காரை எடுத்துக்கொண்டே மருமகன் கேட்டார்.

“எந்த ஆஸ்பத்திரிக்குங்க மாமா போகோணும்?”

யாருக்குப் பிரசவம் என்று அவர் அடுத்துக் கேட்டதும் மகள் பின் சீட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். இரட்டைக் குழந்தையா என்று வேறு கேட்டார். பாவம், போனில் கேட்டது அப்படித்தானே இருந்தது. இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கே போங்க மாப்பிள, போய்ப் பாத்துக்கிடலாம் என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புறவாசலில் தெருவில் பாதிப்பேர் நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல் குடையை நீட்டி மறித்துக்கொண்டிருந்தாள். வனக்காவலருக்கும் போன் செய்திருந்தாள். அவரும் வந்துவிட்டார். வலைக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு முட்டையில் கத்தியால் கீறியது போல ஒரு கீறல். அதன் வழியே பெருவிரல் நுனி அளவு ஒரு தலை. பெரிய பெரிய கண். நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும், மறுபடி எட்டிப் பார்க்கும். வெளியே வரலாமா வேண்டாமா என்று அதற்கே தெரியாத மாதிரி இருந்தது. இலையில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மருமகன் எண்ணெய் வழிய என் பக்கத்தில் நின்று, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வனக்காவலர் வயல் பக்கமாக வலையைத் திறந்துவிட்டார். குஞ்சுகள் ஒவ்வொன்றாக இலைக்குள் நெளிந்து, மணல் மூட்டைகளை எடுத்திருந்த பின்சுவர் ஓட்டை வழியாக வாய்க்கால் கரைக்குப் போயின. ஒன்று மட்டும் திசை தெரியாமல் செங்கல் ஏறி, வலையின் இந்தப் பக்கம் வந்து, நடுச் சுவரை நோக்கிப் போனது. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். வனக்காவலர் குழிக்கு அந்தப் பக்கம் இருந்தார். சுற்றி வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

இவர் துவைக்கிற கல்லில் கவிழ்த்து வைத்திருந்த, அரிசி புடைக்கிற சுளகை எடுத்தார். நான் தடுக்கலாம் என்று நினைத்தேன், தடுக்கவில்லை. எண்ணெய் மினுமினுக்கும் பாதி உடம்போடு, துண்டோடு நின்றார். தெருக்காரர்கள் நின்றார்கள். மருமகன் நின்றார். இவர் மருமகனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“எனக்குப் பாம்புன்னா சின்னப்பிள்ளயில இருந்தே பயம் மாப்பிள.”

சொல்லிவிட்டுக் குனிந்தார். வனக்காவலர் அங்கிருந்தே, தொடாமல் மெதுவாகச் சுளகை முன்னால் வையுங்கள், அதுவே ஏறும் என்றார். இவர் வைத்தார். குஞ்சு நின்றது, தலையைத் தூக்கி இவரைப் பார்த்தது, ஏறிச் சுளகின் நடுவில் சுருண்டுகொண்டது. விபூதித் தட்டைக் கொண்டுபோவதைப் போல அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். ஓட்டைக்கு முன்னால் சாய்த்தார். அது போய்விட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை, என்ன நினைத்ததோ, வாய்க்காலைப் பார்த்துக் கையை ஆட்டியது.

இரண்டு முட்டைகள் மட்டும் பொரிக்கவில்லை. மழை நாளில் நனைந்ததாக இருக்கலாம் என்றார் வனக்காவலர். இவர் அவற்றை அவரைக் கொடியின் அடியில் புதைத்தார். அன்றைக்கு அருவிக் குளியல் யாருக்கும் இல்லை. அண்டாவில் வெந்நீர் போட்டு, அரப்பும் சீயக்காயும் தேய்த்து எண்ணெய் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, கத்திரிக்காய்க் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டே மருமகன் என் கணவரிடம், பாம்பைப் பார்த்ததும் தானும் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று நினைத்ததாக மெதுவாகச் சொன்னார். இரண்டு பேரும் அன்றிலிருந்து நல்ல சிநேகம். கோயம்புத்தூரில் அவர்கள் மொட்டை மாடியில் ஒரு மண் தொட்டி உரக்குழி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி மாமனாரும் மருமகனும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிற பேச்சு எனக்குச் சமையல் முடிகிற வரை முடியாது.

அவருக்குப் பயம் இன்னும் போகவில்லை. டிவியில் பாம்பு வந்தால் இப்போதும் எழுந்துதான் போகிறார். ஆனால் சிமெண்டைப் பற்றிப் பேச்சில்லை. காலையில் காபிக்கு முன்னால் தோல் வாளியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போகிறார். கம்பால் மெதுவாக இலையை ஒதுக்கி, உள்ளே யாரும் குடியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் போடுகிறார். குழியில் மண்புழு நெளியும், ஒரு தவளை இருக்கும், செங்கல் இடுக்கில் ஓணான் தலையை ஆட்டும், பந்தலில் தேன்சிட்டு வந்து போகும். எனக்கும் சேர்த்து இரண்டு டம்ளரில் காபி ஆற்றிக்கொண்டு நான் அங்கே போய் நிற்பேன். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தானே என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை.